சொல்லிக்கொள்ளாமல் போகும் விருந்தாளிகள்

பங்குனி மாதத்து விடியற்காலை. சேலத்தை அடுத்த கன்னங்குறிச்சியில் மூக்கனேரிக் கரையில் நடந்து போகிறவர்கள் காதில் ஒரு சத்தம் விழுகிறது. "டக்... டக்... டக்" என்று, யாரோ இரண்டு கூழாங்கற்களை ஒன்றோடொன்று தட்டுவது போல. நின்று பார்த்தால் புதர்தான் தெரிகிறது. சத்தம் போட்டவர் வெளியே வருவதில்லை.

அவர் ஓர் அயல்நாட்டு விருந்தாளி! புரட்டாசி வாக்கில் வந்தவர். ஐப்பசி அடைமழையையும் மார்கழிப் பனியையும் இங்கேயே கழித்தவர். இன்னும் சில நாட்களில் ஓர் இரவு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டுவிடுவார்.

அவர் பெயர் பிளைத் நாணல் கதிர்க்குருவி. நிறம் மங்கிய பழுப்பு. எடை பத்துப் பன்னிரண்டு கிராம். ஆனால் இதன் இனம் கூடு கட்டும் பூமி பின்லாந்திலிருந்து சைபீரியா வரை பரந்து கிடக்கிறது. சேலத்திலிருந்து பின்லாந்துக்கு நேர்கோடு போட்டாலே சுமார் 7,000 கிலோமீட்டர். அதாவது 4,300 மைல். பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை, வழித்துணையும் இல்லை. இரவில் பறந்து, பகலில் இறங்கி இரை தேடி, அந்தத் தூரத்தை இது கடக்கிறது.

வேடந்தாங்கல் நாரையைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் இல்லை. பழைய காலத்திலேயே சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விட்டார். வடக்கும் தெற்குமாகப் பறவைகள் போய்வரும் செய்தி நம்மவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் கதிர்க்குருவியைத் தூது விட்டவர் எவருமில்லை. கண்ணில் பட்டால்தானே தூது விட முடியும்!

இன்று அதுவே இந்தச் சிறு பறவைகளின் பெரிய கஷ்டமாகிவிட்டது. பார்க்கப்படாத பறவை கணக்கில் வருவதில்லை. கணக்கில் வராதது குறைந்தாலும் யாருக்கும் தெரிவதில்லை.

அங்கே வரவேற்பு, இங்கே வழியனுப்பு

"வசந்த கால வலசை" என்றால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது ஒரு திருவிழா. பனி உருகி மரங்கள் துளிர்க்கும் சமயத்தில் தெற்கேயிருந்து பாடும் பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்புகின்றன. வந்ததும் ஆண் பறவைகள் இடம் பிடித்துப் பாடத் தொடங்குகின்றன. மக்கள் தொலைநோக்கியும் கையுமாகத் தோட்டங்களில் காத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் கதை தலைகீழ். சேலம், நாமக்கல் சமவெளியில் வசந்தம் என்பது விருந்தாளிகள் மூட்டை கட்டும் காலம். மாசியில் ஆரம்பிக்கும் புறப்பாடு சித்திரையில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

உலக வலசைப் பறவைகள் தினம் என்று ஒன்று உண்டு. 2006-ல் தொடங்கியது. 2018 முதல் மே, அக்டோபர் இரண்டு மாதங்களிலும் இரண்டாவது சனிக்கிழமையில் கொண்டாடப்படுகிறது. மே மாதத் தேதி வடதேசத்துக்குப் பொருத்தமானது. ஆனால் அந்தச் சனிக்கிழமை சேலத்தில் விழா எடுத்தால், கதாநாயகர்களில் பெரும்பாலோர் மேடையை விட்டுப் போய் வாரக்கணக்கு ஆகியிருக்கும்!

இன்னொரு வேறுபாடும் உண்டு. இந்தப் பறவைகளின் முழுக் கச்சேரி அங்கேதான். பின்லாந்தின் வெளிச்சம் குன்றாத இரவுகளில் நாணல் கதிர்க்குருவி மணிக்கணக்காகப் பாடும். மற்றப் பறவைகளின் குரலையும் நடுவில் சேர்த்துக்கொள்ளும். இங்கே குளிர்காலம் முழுவதும் "டக்" என்ற ஒற்றைச் சொல்தான். ஆனால் புறப்படும் நாள் நெருங்கும்போது புதருக்குள்ளிருந்து மெல்லிய குரலில் ஒரு பாட்டு சில நாள் கேட்பதுண்டு. அரங்கேற்றத்துக்கு முன் நடக்கும் ஒத்திகை அது. கட்டணமில்லாத இந்த ஒத்திகை பங்குனியில் நம் ஏரிக்கரைகளில் நடக்கிறது. கேட்பாரில்லை என்பதுதான் குறை.

வருகிறவர்கள் யார், யார்?

ஒருவர் இருவர் அல்லர். ஒரு பட்டாளமே வருகிறது.

பச்சைக் கதிர்க்குருவியின் எடை ஏழெட்டு கிராம். ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் எடைதான். புளிய மரத்தின் உச்சியில் இலையோடு இலையாகத் திரிந்து புழு பூச்சிகளைப் பொறுக்குகிறது. மத்திய ஆசியாவிலிருந்து பால்டிக் கடலோரம் வரை இதன் சொந்த ஊர்.

வேலியோரத்து முள் உச்சியில், கண்ணுக்குக் கறுப்பு மை தீட்டியதுபோல் உட்கார்ந்திருப்பது பழுப்புக் கீச்சான். சைபீரியா, மங்கோலியா, சீனப் பகுதிகளில் குடும்பம் நடத்திவிட்டு வருவது. வெட்டுக்கிளியையும் ஓணான் குஞ்சையும் பிடித்துத் தின்னும்.

மின்சாரக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவை தகைவிலான்கள். தரையில்லாக் குருவி என்று சொல்பவர்களும் உண்டு. வீடு திரும்பும் சமயத்தில் இவை கம்பிகளில் கூடுவது, கல்யாணத்துக்குப் போகிற கூட்டம் பஸ் நிலையத்தில் கூடுவது போலிருக்கும்.

பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்கள் பிரசித்தம். அகத்தி நிழலும் ஈரத் தரையும் சேர்ந்த இடம் கொடிக்கால். அப்படிப்பட்ட நிழலை நாடுகிற ஒரு பறவைக்குத் தமிழில் கொடிக்கால் வாலாட்டி என்றே பெயர். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். கிழக்கு ஆசியாவில் கூடு கட்டித் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து போகிறது.

ஏற்காடு மலையடிவாரத் தோப்புகளில் ஆறுமணிக் குருவியைப் பார்க்கலாம். காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். பட்சி சாஸ்திரக் கணக்கில் இது பாடும் பறவைகளுக்குப் பங்காளி முறை. இது அயல்நாட்டுக்காரர் அல்ல. மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் கூடு கட்டி, குளிர்காலத்துக்குத் தெற்கே வருவது. மஞ்சள் உடையணிந்த மாங்குயிலும் வடக்கேயிருந்து வருகிறவரே.

கடைசியாகச் சூறைக் குருவி. சோளப் பட்சி என்றும் பெயர். ரோஜா நிற உடலும் கறுப்புத் தலையுமாக ஆயிரக்கணக்கில் கூடி, மாலை வானத்தில் புகைமண்டலம் போல் சுழலும். சோளக் கதிரைக் கொத்துகிறதென்று விவசாயிகள் தகர டப்பா தட்டி விரட்டுவார்கள். அதே பறவை சீனாவின் சிஞ்சியாங் மாகாணத்தில் ராஜ மரியாதை பெறுகிறது! புல்வெளியை அழிக்கும் வெட்டுக்கிளிகளை இது தின்று தீர்ப்பதால், 1980-களிலிருந்து அங்கே கற்களை அடுக்கி இதற்கு வீடே கட்டிக் கொடுக்கிறார்கள். 1958-ல் சிட்டுக்குருவிகளைக் கொன்று குவிக்க இயக்கம் நடத்தி, பிறகு பூச்சிகள் பெருகிப் பயிரைத் தின்றதைப் பார்த்த தேசம் அது. பட்ட பிறகு வந்த புத்தி!

ஏரி மட்டும் போதுமா?

வலசைப் பறவை என்றதும் எல்லாருக்கும் ஏரிதான் நினைவுக்கு வருகிறது. சர்க்கார் ஏற்பாடுகளும் அப்படியே வளர்ந்தன. ஈரோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளோடு, திருப்பூரில் நஞ்சராயன் குளம், அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி எல்லாம் சரணாலயங்கள். எல்லாம் நீர்நிலைகள்.

வடக்கே சைபீரியாவிலிருந்து தெற்கே இந்து சமுத்திரம் வரை 30 நாடுகளைத் தொடும் வான்வழிக்கு மத்திய ஆசியப் பறவைப் பாதை என்று பெயர். இதைக் காக்க 2005-ல் புது டில்லியில் கூடித் திட்டம் வகுத்தார்கள். அந்தத் திட்டத்தில் இடம்பெற்ற 182 இனங்களும் நீர்ப்பறவைகள். 2020 பிப்ரவரியில் காந்திநகரில் வலசை உயிரினங்களுக்கான சர்வதேச மாநாடு நடந்தது. 2024 பிப்ரவரியில் சாமர்கண்ட் நகரில் கூடிய அடுத்த மாநாட்டில், இந்தப் பாதைக்கான ஒருங்கிணைப்பு அலுவலகம் இந்தியாவில் அமைய முடிவாயிற்று. பெருமைக்குரிய விஷயந்தான்.

ஆனால் நம் சமவெளிக்கு வரும் கதிர்க்குருவிக்கும் கீச்சானுக்கும் தேவை தண்ணீர்ப் பரப்பு அல்ல. தண்ணீரைச் சுற்றியுள்ள புதரும், வேலியும், சாலை மரமுமே தேவை. எட்வர்டு பிளைத் என்ற ஆங்கிலேயர் கல்கத்தா ஆசியாட்டிக் சொசைட்டி மியூசியத்தின் காப்பாளராக 1841 முதல் 1862 வரை இருந்தார். ஐரோப்பாவிலும் கூடு கட்டுகிற நாணல் கதிர்க்குருவியை 1849-ல் விஞ்ஞான உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் அவர்தான். அவர் சூட்டிய லத்தீன் பெயருக்கு "புதர்களுக்கு உரியது" என்று பொருள். பெயரிலேயே புதர் இருக்கிறது. ஆனால் புதரைச் சரணாலயமாக அறிவிப்பவர் யார்?

கிளுவை வேலி போன கதை

சேலம், நாமக்கல் சீமையின் பழைய காட்டு வேலி கிளுவை. வரப்பைச் சுற்றிக் குச்சியை ஊன்றினால் போதும். தளிர்த்து, கிளைத்து, உயிர்வேலியாகிவிடும். அதில் கோவைக்கொடி படரும், பிரண்டை ஏறும், பூச்சி சேரும். பூச்சி தின்னும் சிறு பறவைக்கு அது சாப்பாட்டு விடுதி, தங்கும் விடுதி, வல்லூறிடமிருந்து தப்ப ஒளிவிடம் எல்லாமே.

இன்று கல்தூணும் முள்கம்பியும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. கம்பிவேலிக்குப் பராமரிப்புக் குறைவு. அங்குலம் நிலமும் வீணாவதில்லை. விவசாயியைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கம்பியில் பூச்சி வளராது, கதிர்க்குருவி தங்காது.

சோளக்காடு குறைந்து மரவள்ளியும் மக்காச்சோளமும் பெருகின. ஜவ்வரிசி ஆலைக்கு ஒன்று, கோழித் தீவனத்துக்கு ஒன்று. சாலைகள் அகலமானபோது இருமருங்கிலும் இருந்த புளிய மரங்கள் போயின. ஏரியைத் தூர் வாருகிறோமென்று கரையையும் சேர்த்து மொட்டையடித்துவிடுகிறார்கள். சீமைக் கருவேலத்தை அகற்றுவது நல்ல காரியமே. ஆனால் அகற்றிய இடத்தில் நாட்டு மரமும் செடியும் வைக்காமல் வெறும் மண்ணாக விட்டுவிட்டால், அடுத்த புரட்டாசியில் வருகிற விருந்தாளிக்கு வாசல் பூட்டியிருக்கும்.

பறவை புறப்படும் காலத்தில்தான் இந்த நஷ்டம் அதிகம் உறைக்கும். நெடும் பிரயாணத்துக்கு முன் இவை வேகமாகத் தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. அந்தக் கொழுப்புத்தான் வழியில் எரியும் பெட்ரோல். மாசி, பங்குனியில் பூச்சி கிடைக்காவிட்டால் டாங்கி நிரம்பாமலே வண்டி புறப்பட வேண்டியதுதான். பாதி வழியில் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

நல்ல உதாரணமும் சேலத்திலேயே இருக்கிறது. மூக்கனேரியை 2010-ல் பொதுமக்கள் அமைப்பு ஒன்று முன்வந்து சீர்படுத்தியது. தோண்டிய வண்டலை வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரங்களை நட்டார்கள். ஏரி ஆழமாயிற்று, பறவைகளுக்கு மறைவிடமும் கிடைத்தது. தூர் வாருவதும் புதரைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

கோழிப் பண்ணைக்காரரின் கேள்வி

நாமக்கல்லில் பறவைப் பேச்சை எடுத்தால் உடனே ஒரு கேள்வி வரும்: "வெளிநாட்டுப் பறவை வந்தால் எங்கள் கோழிக்குக் காய்ச்சல் வராதா?"

நியாயமான கேள்விதான். 2006-ல் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் முதல்முதலாகப் பறவைக் காய்ச்சல் கண்டபோது முட்டை விலை சரிந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் ஜீவனம் முட்டையில் இருக்கிறது.

ஆனால் விஞ்ஞானிகள் சொல்வதைக் கவனிக்க வேண்டும். இந்தக் கிருமியின் இயற்கை இருப்பிடம் வாத்து, கடற்காகம், கரையோரப் பறவை முதலிய நீர்ப்பறவைகள். புதருக்குள் தனித்து வாழும் கதிர்க்குருவி அந்தப் பட்டியலில் முன் வரிசையில் இல்லை. ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்கு நோய் தாவுவதில் வண்டிச் சக்கரம், கூண்டு, முட்டை அட்டை, ஆட்களின் செருப்பு ஆகியவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. கொட்டகைக்கு வலை அடிப்பதும், வாசலில் மருந்து தெளிப்பதும், தண்ணீர்த் தொட்டியை மூடுவதுந்தான் பாதுகாப்பு. வேலியோரத்துப் புதரை வெட்டுவது பாதுகாப்பல்ல. பண்ணையும் பிழைக்கலாம், பறவையும் பிழைக்கலாம்.

கணக்கு எழுதுவது யார்?

இங்கே எந்தப் பறவை எத்தனை இருந்தது, எத்தனை குறைந்தது என்று சொல்ல ஆதாரம் வேண்டாமா?

1929-30-ல் வெர்னே என்பவரின் பொருளுதவியால் கிழக்குத் தொடர்ச்சி மலையில் பறவை ஆராய்ச்சி நடந்தது. சேர்வராயன் மலையும் சித்தேரி மலையும் அதில் இடம்பெற்றன. அதன் முடிவுகள் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியாயின. 1959-ல் அதே கழகம், டாக்டர் சாலிம் அலி தலைமையில், பறவைகளின் காலில் வளையம் மாட்டி வலசையை ஆராயத் தொடங்கியது. அவையெல்லாம் நிபுணர்களின் வேலை.

இப்போது காலம் மாறிவிட்டது. பார்த்த பறவையைச் செல்போனில் பதிவு செய்யும் வசதி வந்துவிட்டது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-ல் தொடங்கிய "இபேர்டு" ஏட்டில் இந்தியர்கள் லட்சக்கணக்கான பட்டியல்களைச் சேர்த்திருக்கிறார்கள். 2007-ல் "மைக்ரன்ட்வாட்ச்" என்ற இந்திய முயற்சி, வலசைப் பறவையை முதலில் பார்த்த தேதியை எழுதி அனுப்பும்படி பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கு நடக்கிறது. வனத்துறையும் அண்மை ஆண்டுகளில் நீர்ப்பறவைகளுக்கு ஒரு கட்டம், நிலப்பறவைகளுக்கு ஒரு கட்டம் என்று கணக்கெடுப்பு நடத்துகிறது.

இவற்றால் விளைந்த பலன் என்ன? 2023 ஆகஸ்டில் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை வெளியாயிற்று. முப்பதாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 338 இனங்களுக்குத்தான் நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்தது. அந்த 338-ல் 204 இனங்கள் குறைந்திருக்கின்றன, 98 நிலையாக இருக்கின்றன, 36 பெருகியிருக்கின்றன. நிலையாக வாழும் பறவைகளைவிட வலசைப் பறவைகளுக்கே ஆபத்து அதிகம் என்றும் அறிக்கை சொல்கிறது.

204 என்ற எண் எல்லாருக்கும் அதிர்ச்சி தந்தது. ஆனால் இன்னொரு எண்ணும் அதற்குச் சளைத்ததல்ல. 942-ல் 338 போனால் மீதி 604. அத்தனை இனங்களுக்கும் நீண்டகாலக் கணக்குச் சொல்லப் போதிய பதிவு இல்லை! நோய் இருப்பது ஒரு கஷ்டம். நோய் இருக்கிறதா என்றே தெரியாமலிருப்பது அதைவிடப் பெரிய கஷ்டம்.

சேலத்திலும் நாமக்கல்லிலும் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி இல்லாததால், இங்கே பொதுமக்களின் நோட்டுப் புத்தகத்துக்கு மதிப்பு இரட்டிப்பு. அதிலும் புறப்பாட்டுத் தேதிதான் அரிதான சரக்கு. பறவை வந்த நாள் சுலபமாகத் தெரிந்துவிடும்; நேற்று இல்லாதது இன்று இருக்கிறது. போன நாளை எப்படிக் கண்டுபிடிப்பது? "இன்று இருந்தது, இன்று இருந்தது" என்று தினமும் எழுதி வருகிறவர்தான், ஒருநாள் "இன்று இல்லை" என்று எழுத முடியும். உலகம் சூடேறி வருகிற இந்தக் காலத்தில், புறப்பாடு முந்துகிறதா பிந்துகிறதா என்று சொல்ல அந்த ஒரு வரி வேண்டும்.

பார்ப்பது எப்படி?

பெரிய செலவு ஒன்றுமில்லை. சூரியன் உதித்து இரண்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும். ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், கோயில் தோப்பு, பழைய வேலி — ஏதாவது ஓர் இடம் போதும். தினமும் அதே இடம் என்றால் இன்னும் விசேஷம்.

முதலில் காது, பிறகுதான் கண். "டக்" என்றால் நாணல் கதிர்க்குருவி. உச்சிக் கிளையிலிருந்து மெல்லிய இரட்டைச் சொல்லாக "சில்லீ" என்றால் பச்சைக் கதிர்க்குருவி. சத்தம் வந்த திசையில் அசையாமல் ஐந்து நிமிஷம் நின்றால், பறவை தானே தலை காட்டும். தேதி, இடம், எண்ணிக்கை மூன்றையும் எழுதிவிட வேண்டும். பறவையின் பெயர் தெரியாவிட்டால் பாதகமில்லை. நிறத்தையும் நடத்தையையும் எழுதி வைத்துப் பின்னால் கேட்டுக்கொள்ளலாம்.

செல்போனில் பறவையின் பாட்டைப் போட்டு அதை வெளியே வரவழைப்பது கூடாது. பிரயாணத்துக்குச் சேர்த்த சக்தியை அது வீணாக்கும். வலை வைத்துப் பிடிப்பதோ, 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

ஏரிக்கரையில் இப்படி நிற்பவரிடம் மாடு மேய்க்கும் பெரியவர் யாராவது, "என்ன தம்பி, எதையாச்சும் தொலைச்சுப்புட்டீங்களா?" என்று கேட்காமல் இருக்க மாட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் விஷயம் பரவுகிறது. "சைபீரியாவிலிருந்து வந்த குருவி ஒன்று இந்தப் புதரில் இருக்கிறது, ஐயா" என்று சொன்னால் பெரியவர் சிரிக்கலாம். ஆனால் அடுத்த முறை அரிவாளோடு அந்தப் புதரருகே போகும்போது ஒரு கணம் யோசிப்பார்.

பஞ்சாயத்துகள் ஏரி வேலை எடுக்கும்போது கரையின் ஒரு பக்கத்துப் புதரையாவது விட்டு வைக்கலாம். கம்பிவேலி போட்டவர்கள் உள்பக்கம் ஒரு வரிசை கிளுவையும் ஊன்றலாம். பள்ளிக்கூடங்கள் மாசி, பங்குனியில் வாரம் ஒரு காலை பிள்ளைகளைக் கணக்கெடுக்க அழைத்துப் போகலாம். இவற்றில் எதற்கும் டில்லியிலிருந்து உத்தரவு வர வேண்டியதில்லை.

விருந்தாளி சொல்லிக்கொள்ளாமல் போவது அவர் சுபாவம். அவர் போன நாளைக் குறித்து வைப்பதும், திரும்பி வரும்போது தங்க இடம் வைத்திருப்பதும் வீட்டுக்காரர் கடமை. புரட்டாசியில் மறுபடியும் அந்தப் புதரிலிருந்து "டக்... டக்" என்று கேட்க வேண்டுமானால், அந்தப் புதர் முதலில் அங்கே இருக்க வேண்டும்.